மாசிப் புயலைப் பின்தொடர்வது எப்படி: மழை, காற்று, உருகும் ஸ்நோ குறித்துத் தெற்கு ஒன்ராறியோவில் இருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாசி பிறந்ததும் எங்கள் வீட்டுப் பின்கதவடியில் ஒரு வெறும் பால்மா ரின் வந்துவிடும். பங்குனி முடியும்வரை அதை யாரும் எறியக் கூடாது. வளவில் கிடக்கும் ஸ்நோவுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நான் அளக்கிற பாத்திரம் அது.

புயல் வருகிறது என்றால் நம்மில் அனேகர் ஃபோனைப் பார்ப்போம். 'நாளை 20 மில்லிமீற்றர் மழை' என்று இருக்கும். அவ்வளவுதானே என்று படுத்துவிடுவோம். குளிர்காலத்தின் கடைசியில் வரும் புயலுக்கு அந்த எண் பாதிக் கணக்குத்தான். மீதிப் பாதி உங்கள் வளவிலும் கூரையிலும் தெருவோரத்திலும் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தோம். ஒரு மாசி இரவு பெரிய மழை என்று சொல்ல ஒன்றும் பெய்யவில்லை. விடிய எழும்பிக் காலை வைத்தால் கணுக்கால் நனைகிறது. சின்ன ஜன்னலுக்கு வெளியே உள்ள குழியில் ஸ்நோ உருகி நிரம்பி, ஜன்னல் விளிம்பு வழியாக இரவு முழுக்க உள்ளே இறங்கியிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே படஆல்பம் இருந்தது. அம்மாவும் அப்பாவும் கலியாணக் கோலத்தில் நின்ற படம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிப்போய்விட்டது. அன்றிலிருந்துதான் இந்தப் புயல்களைப் பின்தொடரத் தொடங்கினேன்.

ஒரு சொல் விளக்கம். நமக்கு மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, இங்கே கொட்டுவதும் பனி. இந்தக் கட்டுரையில் இரண்டும் அடிக்கடி வரும் என்பதால், கொட்டுவதை நாம் வீட்டில் சொல்வதுபோல ஸ்நோ என்றே எழுதுகிறேன். காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராக ஒடுங்கத் தொடங்குமோ அதற்குப் பனிநிலை என்று பெயர். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு எண்ணை மனதில் வைப்பதென்றால் அதை வையுங்கள்.

இந்தப் புயல் எங்கிருந்து வருகிறது

மாசி, பங்குனியில் நம்மை அடிக்கும் பெரிய புயல்களில் அனேகமானவை ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், கொலராடோப் பக்கம் உருவாகும் தாழமுக்கங்கள். இங்கே வானிலைக்காரர் இவற்றைக் கொலராடோ லோ என்பார்கள். மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வடகிழக்காகப் பெரிய ஏரிகளை நோக்கி ஓடிவரும். உருவாகி நம்மை அடைய ஏறக்குறைய இரண்டு நாள்.

நமக்கு என்ன நடக்கும் என்பதை அந்த மையம் போகும் பாதைதான் தீர்மானிக்கிறது. மையம் மிச்சிகன், ஹியூரன் ஏரி, ஜோர்ஜியன் குடா என்று நமக்கு வடமேற்கே போனால், தெற்கிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று நம்மேல் வந்து உட்காரும். மழை, உருகல், கடைசியில் பலத்த மேற்குக் காற்று என்று வரிசையாக வரும். மையம் ஈரி ஏரிக்குத் தெற்கே, நியூயோர்க் மாநிலம் வழியாகப் போனால் நமக்கு ஸ்நோதான், ஷவலை எடுக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் வந்தால் உறைமழை, அதாவது மழையாக விழுந்து தொட்ட இடத்திலேயே ஐஸாக உறைவது. நூறு கிலோமீற்றர் தள்ளிப்போவதே கதையை மாற்றிவிடும்.

ஐந்து முதல் ஏழு நாள் முன்: பாதையை மட்டும் பாருங்கள்

இந்தக் கட்டத்தில் எந்த மில்லிமீற்றர் எண்ணையும் நம்பாதீர்கள். வானிலையை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மாதிரிகள் இன்னும் பசிபிக் கடலில் இருக்கிற ஒரு குழப்பத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன.

பார்க்க வேண்டியவை மூன்று மாதிரிகள்: அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மையத்தின் மாதிரி, கனடாவின் உலக மாதிரி. மூன்றின் படங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்றும் மையத்தை எங்கே கொண்டுபோகின்றன என்று மட்டும் பாருங்கள். மூன்றும் நமக்கு வடமேற்கே கொண்டுபோனால் கவனிக்கத் தொடங்குங்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பொறுத்திருங்கள். இவற்றோடு என்செம்பிள் என்ற தொகுப்பு ஓட்டமும் உண்டு. தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி ஒரே மாதிரியைப் பல தடவை ஓட்டுவார்கள். தாழமுக்க மையங்கள் வரைபடத்தில் ஒரு கொத்தாக விழுந்தால் நம்பிக்கை கூடும், நாடு முழுக்கச் சிதறினால் குறையும்.

மாதிரிகள் உலக நேரம் 00, 12 மணிக்குப் பெரிய ஓட்டங்களைத் தொடங்கும். நமக்கு அது மாலை 7, காலை 7. பங்குனி இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபின் 8. படங்கள் வெளிவரச் சில மணித்தியாலம் எடுக்கும். ஜிஎஃப்எஸ் இடையில் 06, 18 மணிக்கும் ஓடும். ஒவ்வொன்றின் பின்னும் ஓடினால் நித்திரை கெடுவதுதான் மிச்சம். ஒரு நாளைக்கு ஒரு தடவை, இன்றைய காலை ஓட்டத்தை நேற்றைய காலை ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். மையம் நாளுக்கு நாள் மேற்கே நகர்கிறதா, கிழக்கே நகர்கிறதா என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் நான்கே நிரல் போடுவேன்: மையம் போகும் இடம், அதன் மிகக் குறைந்த அமுக்கம், பனிநிலை பூச்சியத்துக்கு மேலே நிற்கும் மணித்தியாலங்கள், மழை. நான்காவது நிரலைக் கடைசி இரண்டு நாளில்தான் நிரப்புவேன்.

நான்கு நாள் முன்: ரின்னை எடுங்கள்

எனக்கு இதில் பிடித்த வேலை இதுதான். எல்லா வீட்டிலும் செய்யலாம். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு ரின் வேண்டும். வாய் சுருங்கியது சரிவராது. வளவில் காற்று குவிக்காத, ஷவல் படாத ஓர் இடமாகப் பாருங்கள். முதலில் ஒரு அடிமட்டத்தை நேராகக் குத்தி ஆழத்தைக் குறியுங்கள். பிறகு ரின்னைக் கவிழ்த்து ஸ்நோவுக்குள் நேராக அழுத்துங்கள், புல்லுத் தட்டுப்படும்வரை. ஒரு பக்கத்தைக் கையால் விலக்கி, ரின்னின் வாய்க்குக் கீழே ஒரு தட்டைச் செருகி, அப்படியே நிமிர்த்துங்கள். ஸ்நோ ரின்னைவிட ஆழமென்றால் மேல்பாதியை முதலில், கீழ்ப்பாதியை அதே குழியில் இரண்டாவதாக எடுத்து, இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். குசினியில் வைத்து உருகவிடுங்கள். அடுப்பில் வைத்தால் ஆவியாகிக் கணக்குப் பிழைக்கும். உருகியதும் அதே ரின்னுக்குள் தண்ணீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளவுங்கள். அதுதான் உங்கள் வளவில் கிடக்கும் நீர். மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பார்த்தால் இன்னும் நல்லது.

புதிதாக விழுந்த ஸ்நோவில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். பத்து சென்ரிமீற்றர் ஸ்நோ உருகினால் பத்து மில்லிமீற்றர். மாசிக் கடைசியில் அப்படி இராது. பகலில் கொஞ்சம் உருகி, இரவில் இறுகி, அதன்மேல் இன்னொன்று விழுந்து, கால்வாசி முதல் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தண்ணீராக இருக்கும். பார்வைக்கு ஸ்நோ குறைந்துகொண்டே வருவதுபோல் தெரியும், உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கும். 22 சென்ரிமீற்றர் ஸ்நோவில் 66 மில்லிமீற்றர் தண்ணீர் கண்டிருக்கிறேன். ஒரு சதுர மீற்றருக்கு 66 லீற்றர்.

இன்னொன்றும் பாருங்கள். சமையலறை வெப்பமானியை ஸ்நோவின் நடுவில் குத்துங்கள். பூச்சியத்துக்குக் கீழே மைனஸ் மூன்று, நான்கு காட்டினால் அந்த ஸ்நோ இன்னும் முற்றவில்லை. முதலில் விழும் மழையில் ஒரு பகுதியைத் தன்னுள் உறையவைத்துப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து அடிவரை பூச்சியம் என்றால், கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டினால், அது முற்றிவிட்டது. இனி விழும் மழை நிற்காமல் உள்ளே இறங்கி வெளியே ஓடும், உருகும் நீரையும் சேர்த்துக்கொண்டு. இரண்டு வீட்டுக்கும் ஒரே மழை பெய்தாலும், வெயில் படும் தெற்குப்பக்க வளவு முற்றியிருக்கும், நிழல்பக்கம் முற்றாது.

உருக்குவது மழையல்ல

மழைதான் ஸ்நோவைக் கரைக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். ஒரு கிராம் ஐஸை உருக்க, அதே ஒரு கிராம் தண்ணீரை 80 பாகை சூடாக்குகிற அளவு வெப்பம் வேண்டும். மாசி மழை 5 பாகையில் விழுகிறது என்று வைப்போம். 25 மில்லிமீற்றர் மழையில் உள்ள சூடு முழுதும் ஸ்நோவுக்குள் இறங்கினாலும், உருகுவது ஒன்றரை மில்லிமீற்றர் நீர்தான். அவ்வளவே.

உண்மையில் உருக்குவது ஈரக்காற்று. பனிநிலை பூச்சியத்துக்கு மேலே இருக்கும் காற்று ஸ்நோவைத் தொட்டால், அதிலுள்ள நீராவி ஸ்நோவின்மேல் நீராக ஒடுங்கும். ஒடுங்கும்போது பெரிய வெப்பத்தை விட்டுவிடும். ஒரு கிராம் நீராவி ஒடுங்கினால் ஏழரைக் கிராம் ஐஸ் உருகும். காற்றும் வேகமாக அடித்தால் குளிர்ந்துபோன காற்றைத் தள்ளிவிட்டுப் புதிய சூடான காற்றை ஓயாமல் கொண்டுவந்து தேய்க்கும். இரவில்கூட நிற்காது. சூரியன் தேவையில்லை.

ஆகவே 8 பாகை, நல்ல வெயில், பனிநிலை மைனஸ் 4 என்ற பகலுக்குப் பயப்படத் தேவையில்லை. அன்று ஸ்நோவிலிருந்து நீர் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும், உருகல் மெதுவாகவே நடக்கும். 6 பாகை, பனிநிலை 5, தெற்கிலிருந்து 40 கிலோமீற்றர் காற்று, இரவு பதினொரு மணி: இதற்குத்தான் நான் பயப்படுவேன். வெளியே பார்த்தால் ஸ்நோவின்மேல் வெள்ளையாகப் புகார் படர்ந்திருக்கும். ஊரில் புகார் கண்டால் வெயில் ஏறக் கலைந்துவிடும் என்று இருந்துவிடலாம். இங்கே மாசியில் காற்றோடு சேர்ந்த புகார் கண்டால் ஸ்நோ கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு உருகும் என்று கைக்கணக்கு ஒன்று உண்டு. பூச்சியத்துக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் ஒரு நாளைக்கு 2 முதல் 6 மில்லிமீற்றர் நீர் உருகும் என்பது நீரியலாளர் வழமையாக எடுக்கும் வீச்சு. காற்றில்லாத வறண்ட நாளுக்குக் கீழ் எண், காற்றும் ஈரமும் சேர்ந்த நாளுக்கு மேல் எண். சராசரி 6 பாகை, 20 மணித்தியாலம், பலத்த ஈரக்காற்று என்றால் ஏறக்குறைய 30 மில்லிமீற்றர். அதோடு 25 மில்லிமீற்றர் மழை. மொத்தம் 55. ஃபோன் சொன்னது 25. கனடாவின் அரச வானிலைத் துறை கோடையில் ஒரு நாளைக்கு 50 மில்லிமீற்றர் என்றால் மழை எச்சரிக்கை விடும், குளிர்காலத்தில் 25 மில்லிமீற்றருக்கே விடும். அந்தக் காரணம் இதில் விளங்கும்.

மூன்று நாள் முன்: நிலமும் ஆறும்

நிலம் உறைந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஸ்நோ விழுமுன் கடுங்குளிர் அடித்த வருடங்களில் நிலம் சீமெந்துபோல் ஆகிவிடும். மார்கழியிலேயே தடித்த ஸ்நோ மூடிய வருடங்களில் அது போர்வைபோல் நின்று நிலத்தை அவ்வளவு உறையவிடாது. ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரைப் புல்லுக்குள் குத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆற்றுக்கு அருகில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஆற்றின்மேல் ஐஸ் நிற்கிறதா. தண்ணீர் ஏறும்போது ஐஸைத் தூக்கி உடைக்கும். உடைந்த பாளங்கள் வளைவிலும் பாலத்தின் தூணிலும் ஆறு ஆழம் குறைகிற இடத்திலும் போய்ச் சிக்கி அணைபோல் அடைக்கும். 2018 பெப்ரவரி 21இல் பிராண்ட்ஃபோர்ட் நகரில் நடந்தது அதுதான். மழையும் திடீர்ச் சூடும் சேர்ந்து கிராண்ட் ஆற்றை உயர்த்த, மேல்பக்கத்தில் அடைத்திருந்த ஐஸ் அறுத்துக்கொண்டு நகரை நோக்கி வந்தது. அவசரநிலை அறிவித்து, ஏறக்குறைய 5,000 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.

இந்த மாகாணத்தில் ஆறுகளைக் கவனிப்பவை கன்சர்வேஷன் அத்தாரிட்டி எனப்படும் ஆணையங்கள். ரொறன்ரோவின் டொன், ஹம்பர், ரூஜ், ஹைலண்ட் கிறீக் எல்லாம் ரொறன்ரோ வட்டார ஆணையத்தின் பொறுப்பு. 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்றபின்தான் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் இவற்றுக்கு வலுத்தது. நாம் பிள்ளைகளோடு நடக்கப்போகும் பள்ளத்தாக்குப் பூங்காக்களில் பல அப்படி வந்தவை.

இவர்களின் அறிவிப்பில் படிகள் உண்டு. நீர்நிலைப் பாதுகாப்பு அறிக்கை என்றால் வெள்ளம் எதிர்பார்க்கவில்லை, ஆற்றங்கரைக்குப் போகாதே என்று பொருள். அடுத்தது வெள்ள முன்னோக்கு. அதற்கு மேல் வெள்ளக் கண்காணிப்பு: வெள்ளம் வரக்கூடும், ஆயத்தமாகு. கடைசி வெள்ள எச்சரிக்கை: வெள்ளம் வருகிறது அல்லது வந்துவிட்டது. உங்கள் வீடு எந்த ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறது என்று இன்றே பார்த்து, மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிந்துவிடுங்கள். புயலன்று இரவு அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

ஒரு நாள் முன்: வீட்டைச் சுற்றி ஒரு நடை

இப்போது கனடாவின் நுண்மாதிரியைப் பாருங்கள். 2.5 கிலோமீற்றர் கட்டங்களாக, 48 மணித்தியாலம்வரை காட்டும். உலக மாதிரிகளுக்குத் தெரியாத ஏரியும் மலைச்சரிவும் இதற்குத் தெரியும். நமக்கு இது முக்கியம், ஏனென்றால் கிழக்குக் காற்று ஒன்ராறியோ ஏரியின் குளிர்ந்த நீரைத் தடவிக்கொண்டு வந்தால், வின்ஸர் 12 பாகையில் இருக்க ஸ்காபரோக் கரை 2 பாகையிலேயே விறைத்துக் கிடக்கும். அந்த வேளை உருகல் சில மணித்தியாலம் பிந்தும். வடக்கே போகப்போக அதே குளிர் உறைமழையாக மாறும். 2025 மார்ச் 28 முதல் 30வரை ஒரிலியா, பரி, பீற்றர்பரோப் பக்கம் மரங்களையும் மின்கம்பிகளையும் முறித்த ஐஸ் புயல் அப்படிப்பட்டதுதான்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டைச் சுற்றி நடங்கள். சுவரோடு சாய்ந்து கிடக்கும் ஸ்நோவை இரண்டு மீற்றராவது தள்ளுங்கள். பேஸ்மென்ற் ஜன்னல் குழிகளை முதலில் வெறுமையாக்குங்கள். இதைச் சொல்லும்போது எனக்கு அந்த ஆல்பம்தான் நினைவுக்கு வருகிறது. பீலியிலிருந்து இறங்கும் குழாயின் வாய் ஐஸில் அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நூறு சதுர மீற்றர்க் கூரையில் 40 மில்லிமீற்றர் என்றால் 4,000 லீற்றர். அது அத்திவாரத்தடியில் கொட்டுவதா, வளவின் சரிவில் ஓடுவதா என்பது அந்தக் குழாயின் நீளத்தில் இருக்கிறது. தெருவோரக் கானின் மூடி ஐஸுக்குள் புதைந்திருந்தால் வெட்டித் திறவுங்கள். உங்களால் முடியாவிட்டால் ரொறன்ரோவில் 311க்கு அடியுங்கள்.

சம்ப் பம்ப், அதாவது பேஸ்மென்ற் குழியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப், உள்ளவர்கள் அதன் குழிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அது எழும்புகிறதா என்று பாருங்கள். வெளியே போகும் குழாயின் முனை உறைந்திருந்தால் பம்ப் ஓடியும் பயனில்லை. தெருக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் வால்வ் பூட்டியிருக்கும் வீடுகளில் ஒரு விஷயம் அனேகருக்குத் தெரியாது: தெருக் குழாய் நிரம்பி அந்த வால்வ் மூடிக்கொண்டால், உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரம் வாஷிங் மெஷினைப் போட்டால், குளித்தால், அந்தத் தண்ணீர் உங்கள் பேஸ்மென்ற்றிலேயே எழும்பும். மேல்மாடியில் இருப்பவர்கள் கீழே வாடகைக்கு இருப்பவர்களை நினைத்து அன்றிரவு தண்ணீரை அடக்கிப் பாவிக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் நிலத்தில் வைத்த பெட்டிகளைக் கட்டிலின்மேல் ஏற்றிவிடுங்கள். கடவுச்சீட்டு, குடிவரவுக் கடிதங்கள், படங்கள் முதலில்.

புயலன்று: காற்றைக் கேளுங்கள்

இங்கே நம் ஊர்க் காற்றுப் பெயர்கள் கைகொடுக்கும். கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம், மேற்கே கச்சான், வடக்கே வாடை. மையம் நமக்கு வடமேற்கே போனால் காற்று இந்த வரிசையிலேயே திரும்பும்: முதலில் கொண்டல், பிறகு சோளகம், முடிவில் கச்சான். மணிக்கூட்டு முள் சுற்றுகிற திசை. மையம் தெற்கே போனால் எதிர்ப்பக்கம் சுற்றும்: கொண்டல், வாடை, அதன்பின் கச்சான். கொண்டல் சோளகமாகத் திரும்பிய நிமிடம் உருகல் தொடங்கிவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். கொண்டல் வாடைப்பக்கம் சாய்ந்தால் சூடு வராது, கொப்பியை மூடிவிட்டு உப்பு வாளியை எடுங்கள்.

மையம் எங்கே என்று தெரிய ஃபோனும் தேவையில்லை. வெளியே போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டுங்கள். பூமியின் இந்த வடபாதியில் தாழமுக்க மையம் ஏறக்குறைய அந்தக் கைப்பக்கம்தான்.

மழையைப் பார்க்க கிங் சிற்றி ரேடார் நமக்குக் கிட்ட. ஆறு நிமிடத்துக்கு ஒரு படம் வரும். ஒரு எச்சரிக்கை: மேலே ஸ்நோ உருகி மழையாகும் உயரத்தில் ரேடார் மிகைப்படுத்திக் காட்டும். படத்தில் மஞ்சள் வளையம்போல் தெரிந்தால் அங்கே கொட்டுகிறது என்று கலங்க வேண்டாம். விமானநிலைய அவதானிப்பு மணிக்கொரு தடவை வரும். அதில் பனிநிலையைப் பாருங்கள், அமுக்கத்தைப் பாருங்கள். அமுக்கம் விழுந்து நின்று, பிறகு விறுவிறென்று ஏறத் தொடங்கினால் குளிர்முகப்பு, அதாவது பின்னால் வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்துவிட்டது.

ஆற்று நீர்மட்டம் கனடாவின் நீர் அளவைத் துறைத் தளத்தில் ஏறக்குறைய உடனுக்குடன் வருகிறது. டொன் ஆற்றுப்படுகையில் பெரும்பகுதி வீடும் தெருவும் என்பதால் அது சில மணித்தியாலத்திலேயே ஏறி இறங்கும். டொன் வலி பார்க்வேயின் கீழ்ப்பகுதி அதனால்தான் முதலில் நனைகிறது. கிராண்ட் ஆறு பெரியது, தெற்கு ஒன்ராறியோவின் மிகப் பெரிய ஆற்றுப்படுகை. அதன் கீழ்ப்பக்கத்தில் மழை விட்டு வெயில் எறித்த பிறகும் தண்ணீர் ஏறும். ஐஸ் நிற்கும் ஆற்றின் நீர்மட்ட வரைகோட்டை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். மழையில்லாமலே மட்டம் திடீரென்று ஏறினால் கீழ்ப்பக்கத்தில் அடைத்திருக்கிறது. மழை கொட்டும்போதே மட்டம் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். மேல்பக்கத்தில் அடைத்திருக்கிறது, தண்ணீர் அதன் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கிறது.

மழை விட்ட பிறகு

மழை நின்றதும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். பலத்த காற்று பெரும்பாலும் அதன்பிறகுதான் வரும். கச்சான் திரும்பியதும் வீச்சு 90 கிலோமீற்றரைத் தொட்டால் அரச வானிலைத் துறையின் காற்று எச்சரிக்கை மட்டம் அது. ஊறிப்போன மண்ணில் நிற்கும் ஸ்புரூஸ் மரங்கள் வேரோடு சாயும், கரண்ட் போகும். கரண்ட் போனால் சம்ப் பம்ப்பும் நின்றுவிடும், குழியில் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கும் நேரத்தில். பம்ப்புக்கு ஒரு பற்றரி வைத்திருப்பது இந்த ஒரு இரவுக்காகத்தான்.

ஈரி ஏரியோரம் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கவலை உண்டு. அந்த ஏரி சராசரி 19 மீற்றர் ஆழம்தான். நீளவாக்கில் அடிக்கும் தென்மேற்குக் காற்று தண்ணீரைக் கிழக்கு முனைக்குத் தள்ளிக் குவிக்கும். 2019 பெப்ரவரி 24இல் அப்படி அடித்த காற்று ஃபோர்ட் ஈரியில் ஐஸ் பாளங்களைத் தடுப்புச் சுவருக்கு மேலால் தெருவோரம் வரை ஏற்றியது.

குளிர்முகப்போடு வெப்பநிலை ஓரிரு மணித்தியாலத்தில் பத்துப் பாகை விழுவது இங்கே புதிதல்ல. பகல் முழுக்க ஓடிய தண்ணீர் நடைபாதையில் அப்படியே கண்ணாடியாகிவிடும். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, பழைய மாதிரியில் செருப்போடு குப்பை வைக்கப் போகிற நம் முதியவர்களுக்கு, மழையைவிட இதுதான் ஆபத்து. ஈரம் உறையுமுன்னரே படிக்கட்டில் உப்பைப் போடுங்கள். உறைந்த பிறகு போட்டால் வேலைசெய்ய நேரமெடுக்கும், மைனஸ் பத்துக்குக் கீழே போனால் சாதாரண உப்பு பெரிதாகப் பிடிக்காது.

பிள்ளைகளை இரண்டு மூன்று நாளுக்கு ஆற்றுப்பக்கம் விடாதீர்கள். கரையில் ஐஸ் தட்டையாக உறுதியாகத் தெரியும், கீழே தண்ணீர் வடிந்து வெறும் கூடாக நிற்கும்.

மறுநாள் காலை வளவில் மிஞ்சிய ஸ்நோவில் ரின்னைத் திரும்பவும் குத்தி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நீங்கள் போட்ட உருகல் கணக்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். என் வளவில் வேலியோர நிழலில் எப்போதும் நான் நினைத்ததைவிடக் குறைவாகவே உருகியிருக்கும். அங்கே கிடப்பது அடுத்த புயலுக்கான தண்ணீர். பங்குனி இன்னும் முழுதாகக் கிடக்கிறது, ரின்னைக் கழுவித் திரும்பப் பின்கதவடியில் வைத்துவிடுவேன்.